மிளகு மண்டி மாடியில் ஜாவாஸ்கிரிப்ட்

மிளகு இடிக்கிற வாசம் வந்தால் உங்களுக்கு ரசம் நினைவுக்கு வரும். எனக்குக் கம்ப்யூட்டர். நேற்றுக் காலை சமையலறையில் நாலு மிளகைத் தட்டினேன். தும்மல் வந்தது, தும்மலோடு செம்மேட்டு மாடி அறையும் வந்துவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் அடிவாரத்தில், புளியஞ்சோலைப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு கொல்லிமலை ஏறி, செம்மேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். கீழே மிளகு மண்டி, மேலே நாங்கள். சூடேறிய மானிட்டரின் தூசி மணமும் மூட்டை மிளகின் காரமும் கலந்த காற்று அது. மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரத்தில் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, கோழிக்குஞ்சைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்வோம்.

அங்கேதான் செல்வி வந்தாள். என் வயசுக்காரி. மலைமேல் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்; அப்படியொரு திருப்புலி நாட்டில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். டைப்பிங் கற்க வந்தவள், அலமாரியில் கிடந்த ஒரு ஜெராக்ஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“இது என்ன புள்ள, ஜாவாஸ்கிரிப்ட்டு?”

“வெப் பக்கத்தைப் பேச வெக்கிறதாம்.”

“உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “சேர்ந்து பாக்கலாம்” என்றேன். சிரிக்காதீர்கள், நான் அங்கே டீச்சர்.

சேர்ந்து பார்த்தோம். இங்கிலீஷில் பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ எல்லாம் ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொன்னேன். கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. திரையின் அடியில் ஒரு மஞ்சள் முக்கோணம் மட்டும் வரும். எங்கே தப்பு என்று நமக்குப் புரிகிற மாதிரி சொல்லாது. மாமியார் முகம் தூக்கி வைத்திருப்பது மாதிரி. செல்விதான் கடைசியில் கண்டுபிடித்தாள், நான் போட்ட ஒரேயொரு பெரிய எழுத்தை. போதாக்குறைக்கு ஜெராக்ஸில் நடுப் பக்கங்கள் காணோம். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது எப்படி என்பது அந்தப் பக்கங்களில் இருந்திருக்க வேண்டும். தெரியாததால் ஒரே வரியைப் பக்கம் நிறைய எழுதி ஒப்பேற்றினோம்.

இப்படிக் கற்றதை நம்பி, சேலத்தில் வெப் பக்கம் செய்யும் ஒரு சின்ன ஆபீசுக்குச் செல்வி எழுதிப் போட்டாள். வரச்சொல்லிப் பதில் வந்தது. அவள் அப்பாவோ முடியாது என்றுவிட்டார். “என்ன வேலைன்னே தெரியாம எப்புடிச் சாமி அனுப்பறது?” என்பது அவர் பேச்சு. அதில் நியாயமும் இருந்தது.

“அப்ப வந்து பாக்கட்டும்” என்றாள் செல்வி.

அவருக்கு இங்கிலீஷ் வராது, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். கேள்வி கேட்டு, நாம் அடிப்பதற்குப் பதில் சொல்கிற ஒரு பக்கத்தைத் தமிழில் செய்தாள். ஆனால் பதிலோடு திரையில் துள்ளி வருகிற சின்னப் பெட்டியில் தமிழைப் போட்டால் கோழி கிளறியதுபோல் என்னென்னவோ எழுத்து வந்தது. அழுகிற நிலைக்குப் போய்விட்டாள். பிறகு பெட்டியையே விட்டுவிட்டு, பதில் பக்கத்துக்குள்ளேயே விழுகிற மாதிரி மாற்றி எழுதினோம். அன்றைக்கு மதியச் சோறு யாருக்கும் ஞாபகமில்லை.

சந்தைக்கு வந்த அவர் தோள் துண்டோடு மாடி ஏறினார். “ஏனுங்க அம்மிணி, செருப்பக் கழட்டோணுங்களா?” என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். திரை கேட்டது: உங்க ஊரு எதுங்க? செல்வி ‘திருப்புலி நாடு’ என்று அடித்தாள். ‘அட, நம்மூருங்க! சாமை வெளஞ்சிருச்சுங்களா?’ என்று பதில் விழுந்தது.

அவர் சிரிக்கவில்லை. திரைப் பக்கம் குனிந்து, “பைல் நாடுன்னு போடு கண்ணு” என்று மலையிலேயே வேறொரு நாட்டின் பேரைச் சொன்னார்.

போட்டாள். ‘பைல் நாட்டுக்காரருங்களா, வாங்க. அங்க மழைங்களா?’

“பொய் சொன்னாலும் நம்புதே!”

“நாம சொல்லிக் குடுத்தது மட்டுந்தானுங்கப்பா அதுக்குத் தெரியும்.”

“அப்ப இதுக்குள்ள இருக்கற புத்தி?”

“நாங்க எழுதுனதுங்கப்பா.”

என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே மண்டியில் யாரோ மூட்டையைப் பொத்தென்று போட்டார்கள்.

“சேலத்துக்கு எப்பப் போகோணும்?” என்றார்.

செல்வி என் கையை அப்படி இறுக்கினாள். வளையல் ஒன்று உடைந்துபோனது.

அவள் போன பிறகு அந்த மாடியில் எனக்கும் மனசு நிற்கவில்லை. அடுத்த வருஷமே மலை இறங்கிவிட்டேன். செல்வி சேலத்திலிருந்து பெங்களூர், அங்கிருந்து கடல் கடந்து எங்கெங்கோ. அவள் அப்பா காலமாகிவிட்டார். மண்டி இருந்த இடத்தில் இப்போது டூரிஸ்ட்டுகளுக்கு ரூம் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

செல்வி மாதம் ஒருமுறையாவது போன் செய்வாள். பிள்ளைகள் படிப்பு, என் முட்டிவலி, அவள் பிரஷர் மாத்திரை என்று பேச்சு நல்லபடியாகத்தான் போகும். அந்த மாடியில், புரோகிராமில் போடுகிற மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டு, பேச்சை நிறுத்தி, பஸ் வருவதற்குள் சமாதானமாவோமே, அதற்குத்தான் இப்போது வழியில்லை. நான் என்ன சொன்னாலும் “ஆமா புள்ள” என்கிறாள்.