பதினோரு மூட்டை வெங்காயமும் வக்கீலம்மாவும்

நான் ஒரு தடவை கிறிஸ்தவனாக இருந்திருக்கிறேன். சரியாக நாற்பது நிமிஷம். யாரும் என்னை மாற்றவில்லை. நானாகவே போனேன், நானாகவே மாட்டிக்கொண்டேன், நானாகவே திரும்பி வந்தேன்.

பதினைந்து வருஷமாக இதை வெளியே சொன்னதில்லை. போன வியாழக்கிழமை வக்கீலம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். இனிமேல் யாருக்குப் பயந்து மறைப்பது?

பிலோமினம்மாள் என்று கேட்டால் போர்ட் பிளேரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வக்கீலம்மா என்றால் ஆட்டோக்காரன் நேரே வாசலில் கொண்டுபோய் விடுவான். தூத்துக்குடிக்காரர். ஐம்பதுகளில் புருஷனோடு கப்பலேறி வந்தவர். ஆறு பிள்ளைகள். கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில் ஜெபமாலை. காலையில் பூசை, பத்து மணிக்குக் கோர்ட், சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் ஜெபம். அந்த ஏழு மணிக்கு அந்த வீட்டுக்குள் யார் அகப்பட்டாலும் மண்டி போட்டாக வேண்டும். கட்சிக்காரன், பால்காரன், பெண் பார்க்க வந்த சம்பந்தி... யாருக்கும் விலக்கு இல்லை.

எனக்கு ஏன் வக்கீல் தேவைப்பட்டது? வெங்காயத்தால்.

அப்போது நான் சர்க்கார் ஆபீசில் புது கிளார்க். டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். ஜங்லிகாட்டில் மளிகைக் கடை வைத்திருந்த காசிம் பாய் ஒருநாள் வந்தார். மழையில் கடை ஒழுகுகிறது, உங்கள் பின் ரூமில் நாலு மூட்டை வெங்காயம் வைத்துக்கொள்ளலாமா என்றார். பதிலுக்கு, கப்பல் எத்தனை நாள் லேட்டானாலும் என் வீட்டுக்கு வெங்காயம் நிற்காது. மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியாது. கப்பல் வராத மாசத்தில் இங்கே ஒரு வெங்காயத்தை உரித்தால் தெருவே எட்டிப் பார்க்கும்.

நாலு மூட்டை பதினொன்றாயிற்று. வாசனை மூன்று வீடு தாண்டிற்று. யாரோ பெட்டிஷன் போட்டார்கள். சர்க்கார் வீட்டைக் குடோனாக்கியதற்காகப் பதினைந்து நாளில் காலி செய் என்று நோட்டீஸ் வந்தது.

என் மனைவி சரோஜாவுக்கு அப்போது ஏழு மாசம். வாடகைக்கு வேறு வீடு கிடையாது. குவார்ட்டர்ஸ் போனால் அவள் அடுத்த கப்பலில் மெட்ராஸ் போக வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கப்பலின் அடித்தட்டில் பங்க் கிளாஸில், அத்தனை நாள். குழந்தை முகத்தை நான் லீவு கிடைக்கும்போதுதான் பார்ப்பேன். சரோஜா அழவில்லை. டிரங்குப் பெட்டியை மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்தாள். அழுதிருந்தால் தேவலை.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. வக்கீலம்மா பெரிய பக்தை. என்னை மாதா கோயிலில் பார்த்தால் இரக்கப்படாமலா போவார்?

ஞாயிற்றுக்கிழமை போனேன். பூசை லத்தீனில், பிரசங்கம் ஹிந்தியில். எனக்கு அப்போது இரண்டும் ஒன்றுதான். எல்லோரும் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் வரிசையாக முன்னால் போனார்கள். பிரசாதம்! விடுவேனா? வக்கீலம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து மண்டி போட்டேன்.

சாமியார் ஒவ்வொருவர் நாக்கிலும் நன்மை என்கிற சின்ன அப்பத்தை வைத்துக்கொண்டே வந்தார். நான் கண்ணை மூடியிருந்ததால் நாக்கைக் கவனிக்கவில்லை. இடது கைமேல் வலது கையைக் குழித்து, பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி நீட்டினேன். கண்ணைத் திறந்தேன். சாமியார் என் முன்னால் நின்றார். என் நெற்றியைப் பார்த்தார். காலையில் பழக்க தோஷத்தில் பூசிய விபூதி. என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விட்டேனா? சுண்டல் வரிசையில் விட்டுப்போனவன் மாதிரி, "சாமி, எனக்கு வரலை" என்றேன். கொஞ்சம் உரக்கவே.

கோயிலே திரும்பிப் பார்த்தது. வக்கீலம்மா மட்டும் திரும்பவில்லை. தோள் லேசாகக் குலுங்கியது. பக்தியில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வக்கீலம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரன் கதையை இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை பேனாவைத் தொட மாட்டார், முகத்தையும் பார்க்க மாட்டார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஜெபமாலை மணியை நிமிண்டுவார். இரண்டாம் தடவைதான் எழுதுவார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கேஸ் இல்லை.

நான் இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னேன். இரண்டும் ஒரே பொய். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், மசக்கை, வெங்காயம் வெங்காயம் என்று உயிரை விடுகிறாள், அதனால் வாங்கி வைத்தேன்...

பேனாவை மூடி வைத்தார்.

"எத்தன மூட்ட, தம்பி?"

"பதினொண்ணும்மா."

"ஆறு பெத்தவ நான். எந்த மசக்கைக்கும் பதினோரு மூட்ட ஆவாது. நீரு வேற வக்கீலப் பாரும்."

எழுந்தேன். மணி ஏழு அடித்தது. பிள்ளைகள் வந்து வாசலை அடைத்து மண்டி போட்டுவிட்டார்கள். எப்படி வெளியே போவது? நானும் போட்டேன். ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரம், சிமெண்ட் தரை. இருபது வரை முழங்கால் வலித்தது. அப்புறம் அந்த டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் முழங்கால் வலித்ததா என்று தெரியவில்லை.

ஜெபம் முடிந்ததும் காசிம் பாயிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இப்பத்தான் தம்பி கேஸ் ஆரம்பிக்கு" என்று பேனாவை எடுத்தார்.

டாக்டரிடம் பொய் சொல்கிறோம், வக்கீலிடம் பொய் சொல்கிறோம். காப்பாற்ற வந்தவர்களிடம்தான் நாம் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறோம், இல்லையா?

மறுநாள் என் கையாலேயே குற்றத்தை எழுத வைத்து ஆபீசரிடம் கூட்டிப்போனார். ஆபீசர் வங்காளி. படித்தார். பொய்யை எதிர்பார்த்துத் தயாராக இருந்த முகம், என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. வக்கீலம்மா வாதாடவே இல்லை. இவன் செய்தது தப்பு, இவன் மனைவிக்கு ஏழு மாசம், இரண்டும் உண்மை என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஏன் செய்தாய் என்று ஆபீசர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஹிந்தி அவ்வளவையும் திரட்டினேன். "சாப், ஜஹாஜ் லேட். பியாஜ் நஹீ."

கப்பல் இல்லை, வெங்காயம் இல்லை. அவர் வீட்டிலும் அன்றைக்கு அதே நிலைமைதான் போலிருக்கிறது. பெருமூச்சு விட்டார். இரண்டு நாளில் மூட்டைகளை எடு, இது கடைசி எச்சரிக்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சரோஜா கப்பல் ஏறவில்லை. பெண் இங்கேயே பிறந்தாள்.

வியாழக்கிழமை கல்லறையில் வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்குக்காரர்கள் என்று அவ்வளவு கூட்டம். புரோத்ராபூரிலிருந்து வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். காசிம் பாய் தொப்பியோடு மரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தோம். நான் உண்மையைச் சொன்னதால்தான் அந்தம்மா அன்றைக்கு நம்மைக் காப்பாற்றினார் என்று சரோஜாவிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே.

சரோஜா நின்றாள். நான் போவதற்கு முந்தின நாளே அவள் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கேஸை வக்கீலம்மா அப்போதே எடுத்துக்கொண்டாராம். பதினைந்து வருஷமாக இரண்டு பேருமே என்னிடம் மூச்சு விடவில்லை.

"அந்தம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதாங்க கேட்டாங்க. 'வீடு மட்டும் போதுமா, புருஷனும் வேணுமா?'ன்னு. யோசிச்சு சொல்றேன்னுட்டு வந்தேன்."