ஜப்பான் கோப்பையும் நல்லநாதன் அண்ணையும்

போன வியாழக்கிழமை காலை, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது, என் அண்ணாவின் மகன் குகன் கைத்தொலைபேசியில் அழைத்தான். வேலை நேரத்தில் நான் எடுப்பதில்லை. அவனும் வேலை நேரத்தில் அழைக்கிற பிள்ளை இல்லை. அதனால் எடுத்தேன்.

"மாமி, நல்லநாதன் மாமா செத்துப்போனார்" என்றான். ஜேர்மனியில், இந்த எசன் நகரில் பிறந்து வளர்ந்தவன். அவனிடம் இருக்கிற தமிழில் அதற்கு இதைவிட மரியாதையான சொல் கிடையாது. வேலைக்குப் புறப்பட்டவர் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தபடியே சரிந்துவிட்டாராம். அம்புலன்ஸ் வந்தும் பயனில்லை. இருதயம் என்று சொன்னார்கள். நான் திரும்பிப் போய்ப் பாட்டிக்கு மிச்சக் கஞ்சியையும் பருக்கினேன். பிறகு உடுப்பு மாற்றும் அறையில் இருந்து அழுதேன். இதை வாசிக்கிற எங்கள் கழகத்துக்காரருக்கு இது புதினமாக இருக்கும். ஏனென்றால் திரு. நல்லநாதன் எங்கள் எதிர்க்கழகத்தின் தலைவர்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊர்க்காரர் எசனிலும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வந்து குடியேறினோம். அவர்கள் ஊருக்கு ஓர் உதைபந்தாட்டக் கழகம், எங்கள் ஊருக்கு ஒன்று. ஊர்ப் பெயர்களை இங்கே நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எது முதலில் வரவேண்டும் என்பதற்கு ஒரு கூட்டம் வைக்க வேண்டியிருக்கும். எனக்குப் பந்தைப் பற்றி அதிகம் தெரியாது. டொச், அதாவது ஜேர்மன் மொழி, நன்றாகத் தெரியும் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது நகரசபையின் விளையாட்டு அலுவலகத்தில். ஒரே சனிக்கிழமைக்கு ஒரே மைதானத்தைக் கேட்டு இரண்டு பேரும் போயிருந்தோம். அவருடைய டொச் சமையலறை டொச். "சூடு", "கூர்", "கெதியா" என்பவற்றுக்கு மேல் போகாது. அதிகாரி கேட்டதற்கெல்லாம் முழித்துக்கொண்டு நின்றார். பொறுக்க முடியாமல், எனக்கு எதிராக அவர் கொண்டுவந்த விண்ணப்பத்தை நானே அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மைதானம் அவர்களுக்குப் போய்விட்டது. வெளியில் வந்ததும், "பிள்ளை நல்லா டொச் கதைக்கிறீர், அடுத்த முறையும் வாரும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பக்கத்து நகரமான டுசல்டோர்ப்பில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் அவருக்கு வேலை. அங்கே மீன் வெட்டுவார். அவரோ சுத்த சைவம். காகிதம்போல மெல்லிசாக மீன் சீவுகிற மனிதர், அதில் ஒரு துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை. தலைமைச் சமையற்காரர் மொரித்தாவும் அவரும் ஒழுங்கான மொழி ஒன்று இல்லாமலே இத்தனை வருடம் பேசித் தீர்த்தார்கள். பேச்சு முழுவதும் உதைபந்தாட்டம்தான். சமையலறையின் மூலையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. ஜப்பானில் மாலை ஆட்டம் என்றால் இங்கே மதியம். செய்மதித் தொலைக்காட்சியில் காட்டாத ஆட்டங்களை மொரித்தாவின் தம்பி கசெட்டில் பதிந்து தபாலில் அனுப்புவார். நல்லநாதன் அண்ணை இப்படித்தான் ஜப்பான் கோப்பைக்குள் விழுந்தார்.

எங்கள் சுற்றுப்போட்டி அப்போது வேறு மாதிரி. எசனைச் சுற்றியுள்ள றூர் பகுதியின் நான்கு தமிழ்க் கழகங்களும் கோடையில் ஒரு சனிக்கிழமை கூடி, காலையில் தொடங்கி மாலைக்குள் முடித்துவிடும். ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு கோலுக்காக ஊர் மானமே போய்விடும். சண்டை வராத வருடம் குறைவு. உலகக்கோப்பை ஜேர்மனிக்கு வருவதற்கு முந்திய கோடையில், இறுதிப்போட்டியில் எங்கள் கோல் ஒன்றை நடுவர் இல்லையென்றார். மூலைக்கொடிக் கம்பைப் பிடுங்கினார்கள். இரண்டு பக்கத்திலும் பிள்ளைகளுக்கு இரத்தக் காயம், பொலிஸ் வந்தது. நகரசபை கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டது: அடுத்த வருடம் ஒரு பாடசாலையின் சின்ன மைதானம் தருவோம், இன்னொரு சண்டை நடந்தால் தமிழ்க் கழகம் எதற்கும் இனிமேல் மைதானம் இல்லை. எங்கள் பிள்ளைகளில் கொஞ்சப் பேர்தான் ஜேர்மன் கழகங்களில் ஆடுமளவுக்குக் கெட்டிக்காரர். மற்றவர்களுக்கு இது போனால் பந்தே போச்சு.

அடுத்த வசந்தத்தில் நான்கு கழகங்களும் கூடிய கூட்டத்தில்தான் அவர் ஜப்பான் கோப்பையைப் பற்றிப் பேசினார். அங்கே தொழில்முறைக் கழகங்களுக்கு லீக் தவிர ஒரு கோப்பையும் உண்டு. காலிறுதியும் அரையிறுதியும் ஒவ்வொன்றும் இரண்டு ஆட்டங்கள். ஒன்று இவர்கள் இடத்தில், மற்றது அவர்கள் இடத்தில். இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. இறுதிப்போட்டி மட்டும் ஒரே ஆட்டம். தேசிய அணிக்குத் தெரிவான பெரிய ஆட்டக்காரர்கள் இல்லாத கிழமைகளிலும் கோப்பை தன்பாட்டில் நடக்கும். நாங்களும் அப்படியே செய்வோம் என்றார். ஜேர்மன் கழகங்களில் ஆடுகிறவர்கள் இறுதிப்போட்டி வரைக்கும் வெளியே இருக்கட்டும், மற்றப் பிள்ளைகள் ஆடட்டும் என்றும் சொன்னார்.

மண்டபத்தில் பெற்றோர் எழும்பிவிட்டார்கள். குகன் ஜேர்மன் கழகத்தில் ஆடுகிறவன் என்பதால் நானும் எழும்பினேன். கெட்டிக்காரப் பிள்ளையை வெளியே இருத்திவிட்டு என்ன விளையாட்டு என்று கேட்டேன்.

"என்ர மகனும் வெளியிலதான் பிள்ளை" என்றார். "ஜப்பானில பேர்போனவையெல்லாம் உலகக்கோப்பைக்கு இஞ்ச வரப் போகினம். அங்க கோப்பை அதுக்காக நிக்கேல்லை."

எங்கள் பொருளாளர் விடவில்லை. அடிக்கிறவன் இரண்டு இடத்திலும் அடிப்பான், இதனால் ஒன்றுக்கு இரண்டு சண்டைதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நல்லநாதன் அண்ணை சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"வாறவைக்கு வீட்டுக்காரர் சாப்பாடு போடோணும். அது ஜப்பானில இல்லை. அது நான் சேர்த்தது. சாப்பாடு போட்டவனை எப்பிடி அடிக்கிறது?"

நான் எதிர்த்துத்தான் வாக்களித்தேன். சிறிய வித்தியாசத்தில் தோற்றோம். வழக்கம்போல, அதை நகரசபைக்கு டொச்சில் விளங்கப்படுத்துகிற வேலை என் தலையில் விழுந்தது.

முதல் ஆட்டமே எங்களுக்கும் அவர்களுக்கும் அரையிறுதி. ஒரே பாடசாலை மைதானம்தான் என்றாலும், முதல் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்காரர், அடுத்த சனிக்கிழமை நாங்கள். நாங்கள் போய் இறங்கினோம். மைதானத்துக்குப் பக்கத்தில் மேசைகள், பாய்கள், அண்டாக்கள். வந்தவரை முதலில் இருத்திச் சாப்பிட வைப்பதுதானே எங்கள் முறை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, அப்பளம், பாயாசம். எல்லாம் அவர் சமையல். இலையில் இடம் தெரிந்தால் அகப்பையோடு வந்துவிடுவார். மரியாதைக்குச் சாப்பிடத் தொடங்கிய எங்கள் பிள்ளைகள் ருசிக்கு முடித்தார்கள். எழும்பிய கையோடு நடுவர் ஊதினார்.

அதை ஆட்டம் என்று சொல்லக் கூடாது. எங்கள் பின்வரிசை நடந்து திரிந்தது. கோல்காப்பாளன் ஒரு பந்துக்குப் பாய்ந்தவன் எழும்ப மனமில்லாமல் கிடந்தான். நாலுக்குப் பூச்சியம்.

சதி என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். உள்ளே இழுத்துவைத்துத் தின்னத் தந்து கவிழ்த்துப்போட்டார்கள் என்று பெரியவர்களே பேசினார்கள். நான் நேரே போய் அவரைக் கேட்டேன். அவர் அகப்பையோடு நின்றபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் இப்படிச் சாப்பிட்டால் ஓட முடியாது என்பது, வாழ்நாள் முழுக்க உதைபந்தாட்டம் பார்த்த அந்த மனிதருக்கு யோசனையிலேயே வரவில்லை. அவர் கண்ணுக்கு வந்தவர்கள் ஆட்டக்காரர் இல்லை, விருந்தாளிகள். என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "ரெண்டாவது ஆட்டம் இருக்குத்தானே பிள்ளை, நீங்கள் போடுங்கோ, நாங்கள் வந்து சாப்பிடுறம்" என்றார். அதனால் அன்றைக்கு ஒருவரும் கை வைக்கவில்லை. கணக்கு இன்னும் முடியவில்லை அல்லவா.

அந்தக் கிழமை ஜப்பான் தேசிய அணி டுசல்டோர்ப்பில் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியது. ஊர் முழுவதும் நீலச் சட்டை. மொரித்தாவும் அவரும் மைதானத்துக்குப் போகவில்லை. மொரித்தாவின் ஊர் அணி ஜப்பானில் கோப்பையின் காலிறுதியில் நின்றது. அதுதான் அவர்களுக்குப் பெரிது. அந்த அணி தன் இடத்தில் வென்று, மற்ற இடத்தில் தோற்று, கூட்டுக் கணக்கில் வெளியே போயிற்று. மொரித்தா அன்று ஒரு மீனும் வெட்டவில்லை என்று நல்லநாதன் அண்ணை பின்னர் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமைக்கு எங்கள் பெண்கள் செய்த ஏற்பாட்டைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. புட்டு அவித்தோம். தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்ட புட்டு, உருளைக்கிழங்குப் பிரட்டல், முட்டைப் பொரியல், மேலே வாழைப்பழம். புட்டைச் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் காலையில் பாணும் தேநீரும் மட்டும். நகரசபை அதிகாரியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஓர் ஓரத்தில் நின்றார். அவருக்கும் ஒரு தட்டுக் கொடுத்தோம்.

அவர்களுடைய பிள்ளைகள் மடையர்கள் இல்லை. மேசையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஒருவன் தட்டைத் தள்ளினான். நல்லநாதன் அண்ணை அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். குரலை உயர்த்தவில்லை. நான் பரிமாறிக்கொண்டு நின்றதால் கேட்டது.

"அவை போன கிழமை சாப்பிட்டிட்டுத்தான் ஓடினவை. நீயும் சாப்பிடு."

சொல்லிவிட்டு, முட்டை மட்டும் வேண்டாமென்று தானும் தட்டை நீட்டினார். அந்த அணி முழுவதும், தெரிந்துகொண்டே, போட்டதெல்லாம் சாப்பிட்டது.

மூன்றுக்குப் பூச்சியம் வென்றுகொண்டிருந்தோம். இன்னொன்று அடித்தால் கணக்குச் சரி. கடைசி நேரத்தில் பந்து உள்ளே போயிற்று. நடுவர் எல்லைக்கோட்டில் உயர்ந்த கொடியைப் பார்த்துவிட்டு இல்லையென்றார். முந்திய வருடத்தின் அதே கதை. அதிகாரி தட்டைக் கீழே வைத்தார். குகன் எனக்குப் பக்கத்தில் நின்றான். ஆறடி உயரம், முந்திய வருடம் கொடிக்கம்பைப் பிடுங்கியதும் அவன்தான். அவன் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ மாமி. நான் போகேல்லை" என்றான். "அவங்கள் தெரிஞ்சுதான் சாப்பிட்டவங்கள். அடிக்கேலாது."

ஊதி முடிந்ததும் அவர்களுடைய கோல்காப்பாளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் படுத்தான். எங்கள் பிள்ளைகள் போய்த் தூக்கிவிட்டார்கள். மொத்தக் கணக்கில் ஒரு கோலால் தோற்றோம். இறுதிப்போட்டியில் அவர்களும் தோற்றார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். மைதானம் திரும்பக் கிடைத்தது. விதியில் ஒரே ஒரு திருத்தம் வந்தது: சாப்பாடு ஆட்டம் முடிந்த பிறகு.

அந்த நவம்பரில் ஜப்பான் கோப்பையின் இறுதிப்போட்டி கசெட்டில் வந்ததும், உணவகம் பூட்டியிருந்த ஒரு நாளில் நல்லநாதன் அண்ணை இரண்டு கழகத்தையும் அங்கே கூப்பிட்டார். முந்திய வருடம் வென்ற அணியே அந்த முறையும் வென்றது. எங்களில் யாருக்கும் அந்த அணிகளைத் தெரியாது. ஆனாலும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து கத்தினார்கள். மொரித்தாவின் அணி வெளியேறி எவ்வளவோ நாளாகியும் அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லநாதன் அண்ணை எல்லாருக்கும் தேநீர் ஊற்றிவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "பிள்ளை இப்பவும் எதிர்த்துத்தான் வாக்கோ?" என்றார். ஓம் என்றேன். அவரை எனக்குப் பிடிக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

செய்தி வந்த அன்று மாலை அவருடைய மனைவி கமலா அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, வெளியார்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் கழகம் முழுவதும் ஓர் ஊர், ஒரு சொந்தம், எல்லாருக்கும் சாவுத் தீட்டு.

"எங்கட ஆக்கள் எல்லாருக்கும் துடக்கு, வதனி. ஆரும் அடுப்படிக்குப் போகேலாது. உங்களைவிட எங்களுக்கு வேற ஆர் இருக்கினம்?"

தகனம் முடிந்த மாலையில் எங்கள் கழகம் சமைத்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, இரசம். குகனும் மற்றப் பிள்ளைகளும் பரிமாறினார்கள். மொரித்தா கறுப்புக் கோட்டுடன் வந்து, எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றார். அவரைப் பிள்ளைகளின் வரிசையில் இருத்தினோம். நல்லநாதன் அண்ணையின் மகன் முதலில் தட்டைத் தொடவில்லை. குகன் அவனுக்கு முன்னால் குந்தியிருந்து சோற்றைப் பிசைந்து கொடுத்தான். பிறகு அவன் சாப்பிட்டான்.

நல்லநாதன் அண்ணை, போய் வாருங்கோ. உங்கட பொடியள் எங்கட கையால வயிறு நிறையச் சாப்பிட்டினம். இந்த முறை அவை எழும்பி ஓடத் தேவையில்லை.