பத்திரிகையில் வந்த கட்டங்கள்

பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பவர் அவர். பேசும்போதும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். தங்கை கல்யாணத்துக்காகப் போன நான் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மாப்பிள்ளை பேரைப் பெருசாக்குங்க" என்றேன். திரையில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டது.

"பக்கத்துல ஆள் இருந்தா எழுத்து மிரளும் அண்ணாச்சி. அங்கன பெஞ்சில இருங்க."

எழுந்து போனேன், எழுத்து வந்தது. திரும்பி வந்தேன், மறுபடி கட்டம். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கம்ப்யூட்டரில் செருகியிருந்த எழுத்துரு பென்டிரைவை என் முழங்கால் இடித்துக்கொண்டிருந்தது. பெருமையோடு காட்டினேன்.

"தெரியும்," என்று அதை மெல்ல உள்ளே அழுத்தினார். "எழுத்தைக் கம்ப்யூட்டர்லயே ஏத்திட்டா, எல்லாரும் என் தோள்ல உக்காந்துல்லா பத்திரிகை அடிப்பாவ."

பெஞ்சுக்கே திரும்பிப் போனேன். மாப்பிள்ளை பெயர் சின்னதாகவே அச்சானது. சம்பந்தி வீட்டில் இன்னும் ஏச்சு வாங்குகிறேன்; அவர்மேல் மட்டும் கோபம் வரமாட்டேன் என்கிறது.