அக்கா அரிசியைச் சோறாக்கி விற்ற காலம்

அக்கா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். எங்களில் மூத்தவர். கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். கல்யாணமாகிப் பெரகலச் சந்திக்கு வந்தார். அங்கே அத்தானுக்கு ஒரு சில்லறைக் கடை. அத்தான் சீக்கிரமே போய்விட்டார். அழுதது போதும் என்று அக்கா கடையைத் திறந்தார். மூட்டை இறக்கப் போன நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

அக்காவுக்குச் சிரித்த முகம். ஏசும்போதும் சிரிப்பார்.

அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஆலைக்காரர் எங்களிடம் கேட்டதே அந்த விலைக்கு மேல். வாங்கிய விலைக்கு விற்றால் வழக்கு. குறைத்து விற்றால் கடை தாங்காது. வைத்துக்கொண்டு இல்லை என்றாலும் குற்றம். பண்டாரவளைக் கடைகளில் விலைப் பலகை தொங்கியது, அரிசி இல்லை. தோட்டத்துச் சனம் வெறும் பையோடு பஸ் ஏறியது.

அக்கா மட்டும் ஒரு மூட்டை வாங்கிப் போட்டார்.

"இத எப்படிக்கா விக்கிறது?" என்றேன்.

"அரிசிக்குத்தானடா வெல போட்டிருக்காங்க. சோத்துக்கு இல்லையே. அடுப்ப மூட்டு."

சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல். பார்சல் கட்டிக் கட்டுப்படியாகிற விலைக்குக் கொடுத்தார். சனத்துக்கும் வயிறு நிறைந்தது.

ஒரு மத்தியானம் விலை பார்க்கும் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கடை போச்சு என்று நினைத்தேன்.

"அரிசி இருக்கோ?"

"இல்லீங்க ஐயா" என்றார் அக்கா.

"அப்ப உந்த மூலையில கிடக்கிறது என்ன?"

"சோறுங்க ஐயா. இன்னும் வேகல."

அவர் சிரிக்கவில்லை. "சரி, வேகுமட்டும் இருக்கிறன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் முன்னாலேயே அக்கா மூட்டையைப் பிரித்துப் பெரிய பானையில் உலை வைத்தார். பஸ்ஸில் வந்திறங்கிய பெண்கள் வாசலில் நின்றார்கள்.

"யாருக்கா இது, புதுசா?" என்றாள் ஒருத்தி.

"பொண்ணு பாக்க வந்திருக்காரு. சோறு ருசியா இருந்தாத்தான் சம்மதமாம்."

அதிகாரி சிரித்துவிட்டார். கையிலிருந்த வழக்குப் புத்தகத்தை மூடினார். "எனக்கும் ஒண்டு கட்டுங்கோ. சம்பல் கூட வையுங்கோ" என்றார். வழக்கு எழுதவில்லை.

பிறகு ஆலை விலை இறங்கியதும் அரிசி தானாகக் கடைக்கு வந்தது. அக்கா அரசாங்க விலைக்கே விற்றார். சோற்றையும் விடவில்லை.

கடைசியில் நெஞ்சு நோய். பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். கஞ்சி தண்ணீராக இருக்கிறது என்று அங்கேயும் சிரித்துக்கொண்டே சண்டை பிடித்தார். தூக்கத்தில் போனார்.

பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், பாடை தூக்கியவர்களுக்கும், மழையில் நின்றவர்களுக்கும் நன்றி. மரண வீட்டில் அடுப்பு எரிப்பதில்லை. எதிர்க்கடைக்காரர் அரிசி கொடுத்தார். லயத்துப் பெண்கள் சமைத்துச் சுமந்து வந்தார்கள். வந்த சனம் எல்லாம் சாப்பிட்டது. விலை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.