அக்காவின் போனுக்கு வராத இலக்கம்

“அந்த வீடியோவ ஒருக்கா அனுப்பு புள்ள” என்று என் கணவர் கேட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவர் கத்தாரில் கட்டட வேலை செய்கிறார். அவருக்கு அது சாப்பாட்டு நேரம், எனக்கு மகளைத் தூங்க வைக்கும் நேரம். எந்த வீடியோ என்று நான் கேட்கவில்லை. எங்களிடம் இருந்தது ஒன்றுதான்.

மகள் நாள் நிறையுமுன் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவர் அவசர லீவில் வந்து பன்னிரண்டு நாள் நின்றார். பதினோராம் நாள்தான் பிள்ளையை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம்தான். நான் அதை என் போனில் எடுத்தேன். தாதி கண்டும் காணாத மாதிரி நின்றார். அடுத்த நாள் கணவர் கத்தாருக்குத் திரும்பிவிட்டார். இப்போது மகளுக்கு இரண்டு வயதாகப் போகிறது. தகப்பன் அவளைத் தூக்கியது அந்த ஒரு தரம்தான்.

“இப்ப என்னத்துக்கு?” என்று கேட்டேன்.

“றூமில இருக்கிற ஒராள் ஊருக்குப் போய்த்து வந்தவர். மகனத் தோள்ல வெச்சுக்கொண்டு திரியிற வீடியோவ எல்லாருக்கும் காட்டுறார். நானும் காட்டுவம் எண்டு பாத்தா எனக்கிட்ட ஒண்டுமில்ல. மகள்ட படம் நிறையக் கிடக்கு, எல்லாம் நான் இல்லாத படம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “வெள்ளிக்கிழமை லீவு. அதுக்குள்ள அனுப்பு.”

“ஓம், அனுப்புறன்” என்றேன். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம், அது என் போனில் இல்லை என்று.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியுமுன் படம் எடுக்க விடமாட்டார்கள். நாவூறு பட்டுவிடும், கண் பட்டுவிடும் என்பார்கள். குறைமாதப் பிள்ளை என்றால் பயம் இரட்டிப்பு. “ஒரு படமும் எடுத்துப் போடாத” என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அக்கா எனக்குச் சொல்லிவிட்டார். நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். நாவூறை நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பிள்ளை பெட்டிக்குள் கிடக்கும்போது நம்பாமலிருக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

பெரியகல்லாற்றில் எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்று அக்காவின் சீதனம், மற்றது என்னுடையது. நடுவில் வேலி இல்லை. போனுக்கும் வேலி இல்லை. வருகிறவர்கள் மேசையில் கிடக்கும் போனை எடுத்துப் படம் தட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டில் சாதாரணம். முப்பத்தோராம் நாளுக்குச் சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள். அதனால் அதற்கு மூன்று நாள் முந்தி, அவர் விட்டுப்போன லப்டொப்பில் ஒரு கணக்குத் திறந்து வீடியோவை இணையத்தில் ஏற்றி வைத்தேன். போனிலிருந்து அடியோடு அழித்தேன். றூமில் காட்டிவிடுவாரோ என்று அவருக்குக்கூட அனுப்பவில்லை. முப்பத்தொன்று கழியட்டும் என்று இருந்தேன். கழிந்த பிறகு பால், காய்ச்சல், தடுப்பூசி என்று நாட்கள் ஓடின. அந்த வீடியோவை நான் ஒரு தரமும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் தூங்கியதும் லப்டொப்பைத் திறந்தேன். பற்றறி செத்துவிட்டது, வயர் செருகியிருந்தால்தான் வேலை செய்யும். மின்னஞ்சல் முகவரியை அடித்தேன், சரி. மகளின் பெயரையும் பிறந்த திகதியையும் சேர்த்துப் பாஸ்வேர்டாக அடித்தேன். பிழை என்றது. பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தேன். திகதியை முன்னால் போட்டேன். பிழை, பிழை. நாலாவது தரமோ ஐந்தாவது தரமோதான் உறைத்தது: நான் கணக்குத் திறந்த அன்று மகளுக்குப் பெயரே இல்லை. எங்களில் முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்பது. அதுவரை குஞ்சு, தங்கம், செல்லம் என்று வாய்க்கு வந்ததைத்தான் சொல்லிக் கூப்பிட்டோம். அன்று அதில் எதைப் போட்டேன்? ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். அடிக்கும்போதே ஒரு பயம், பிழையாக அடித்து அடித்து நானே அதை இல்லாமல் ஆக்கிவிடுவேனோ என்று. அக்காவிடம் கேட்பதா, கடையில் கொண்டுபோய்க் காட்டுவதா, பேசாமல் அவரிடமே சொல்வதா? ஒன்றையும் செய்யாமல் இன்னொரு தரம் அடித்தேன்.

பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. கணக்கில் கொடுத்த போன் நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்புவார்களாம், அதை அடித்தால் திறக்குமாம். கடைசி இரண்டு எண்களைக் காட்டியது. அக்காவின் நம்பர். எனக்கு ஆச்சரியமே இல்லை. கிளினிக் கொப்பி, காஸ் கடை, மின்சார பில் என்று எதில் நம்பர் கேட்டாலும் எங்கள் வளவில் அக்காவின் நம்பரைத்தான் எழுதுவோம். அது பட்டன் போன். சார்ஜ் இறங்காது, விழுந்தாலும் உடையாது.

அனுப்பு என்பதை அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக் குசினிக்கு ஓடினேன். அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். போன் மாப்போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“மெசேஜ் வந்ததா அக்கா?”

“எனக்கு ஆரு மெசேஜ் அனுப்பிற? கதைக்கிற எண்டா எடுப்பாங்க.”

“இப்ப ஒண்டு வரும்.”

நின்றோம். மீன் ஒரு பக்கம் பொரிந்து, மறு பக்கமும் பொரிந்தது. ஒன்றும் வரவில்லை. திரும்பி ஓடி மறுபடியும் அனுப்பினேன், மறுபடியும் வந்து நின்றேன்.

“என்ன புள்ள, கொழுக்கட்டை அவிக்கிற மாதிரி ஓடி ஓடிப் பாக்காய்?” என்றார் அக்கா.

மூன்றாம் தரத்தோடு, பல தடவை கேட்டுவிட்டீர்கள், நாளைக்கு முயலுங்கள் என்று லப்டொப் சொல்லிவிட்டது. திங்களும் அப்படியே போயிற்று. செவ்வாய் அவர் அழைத்தபோது, “இஞ்ச நெற் சரியில்ல, ஏத்த நேரமாகுது” என்றேன். பொய் சொல்லும்போது மகளின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டேன், என் முகம் தெரியாமல். அவருக்கு இருந்த ஒன்றையும் என் கெட்டித்தனத்தால் தொலைத்துவிட்டேன் என்று அன்று முழுதும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை மறுபடியும் இலக்கம் கேட்டுவிட்டு வந்து நிற்கும்போது அக்காவின் போனை நானே கையில் எடுத்துப் பார்த்தேன். மேல் மூலையில் சின்னக் கடித உறை ஒன்று மின்னி மின்னி அணைந்தது.

“இது என்னக்கா?”

“அது எந்த நாளும் மின்னுற. ஒரு வருஷத்துக்கு மேல மின்னுது. வடிவாத்தானே கிடக்கு?”

உள்ளே போய்ப் பார்த்தேன். மெசேஜ் வைக்கும் இடம் நிரம்பிவிட்டது என்று எழுதியிருந்தது. ஒன்றை அழித்தால்தான் இன்னொன்று வரும். கம்பனிக்காரர் அனுப்பும் விளம்பரங்களாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். ஒன்றுகூட விளம்பரம் இல்லை. எல்லாம் நான் அனுப்பியவை. ஆஸ்பத்திரியில் இருந்த இருபத்தாறு நாளும், பிறகு கிளினிக் போன நாட்களிலும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பிய மெசேஜ்கள். விளம்பரங்களை அன்றன்றைக்கே அழித்த அக்கா இவற்றைத் தொடவேயில்லை.

“ஒண்ட அழிச்சாப் போதும் அக்கா.”

“எத?”

இருவரும் குசினிப் படியில் இருந்தோம். நான் வாசித்தேன். “இண்டைக்கு குழாயால ரெண்டு மில்லி பால் குடுத்த.”

“அது முதல் பால். விடு.”

“சுடுதண்ணிப் போத்தல் கொண்டு வாங்க அக்கா. இத அழிப்பமா?”

“அந்தப் போத்தலுக்காக நான் பெருமழையில பஸ் மாறி வந்தனான். அத ஏன் அழிக்கிற?”

“நிறை இருபது கிராம் கூடியிருக்கு.”

“நிறையெண்டா ஒண்டையும் அழிக்கப்படா.”

அப்படியே போனது. அடுத்ததை வாசித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். ‘இண்டைக்கு அவர் பிள்ளைய தூக்கினார். நான் வீடியோ எடுத்தன் அக்கா. ஏச வேணாம்.’ இதை அனுப்பியது எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

“அப்ப, உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். அண்டு பின்னேரமே உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, நீ இருக்கிற பக்கமாச் சுத்தி அடுப்பில போட்டன். செத்தல் கமறின கமறல்ல அத்தானும் இருமித் துலச்சார்.” அக்கா சிரித்தார். “நீ ஒளிக்கிறாய் எண்டு நானும் பேசாமக் கிடந்தன்.”

இன்னும் கீழே ஒன்று இருந்தது. ‘பிள்ளைக்கு மூச்சு நிண்டு நிண்டு வருது. கும்பிடுங்க அக்கா.’ அதை நான் சத்தமாக வாசிக்கவில்லை. அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“இது நமக்கு வேணாம்” என்று சொல்லி அவரே அழித்தார்.

உறை மின்னுவது நின்றது. அடுத்த நிமிடமே போன் கீக் என்றது. ஆறு இலக்கம். ஓடிப்போய் அடித்தேன், பிழை என்றது. அது ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு வந்த இலக்கம். அதை அழித்தோம், இன்னொன்று வந்தது, அதுவும் பழையது. தேங்கி நின்றதெல்லாம் வந்து முடியும்வரை அக்கா வாசலில் நின்று, “அழி, மறுகா வருது, அழி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக வந்ததை அவர் ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொல்ல, நான் உள்ளே இருந்து அடித்தேன். கணக்குத் திறந்தது.

உள்ளே வீடியோ ஒன்றே ஒன்று. அழுத்தப் பயமாக இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

பிள்ளை தெரிந்தாள். ஒரு உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்தான் அவள் நீளம். மூக்கில் குழாய். அவளுக்குக் கீழே அவருடைய இரண்டு கைகள், இடது பெருவிரலில் வெட்டுத் தழும்பு. ஆஸ்பத்திரியில் போடக் கொடுத்த பச்சை அங்கி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. “பாரமே இல்லையே புள்ள, பாரமே இல்லையே” என்று அவர் குரல் மட்டும் கேட்டது. முடியும்வரை அவர் முகம் வரவேயில்லை. நான் பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொண்டு எடுத்திருக்கிறேன்.

“பாவி, அந்த மனிசன்ட தலைய வெட்டிப் போட்டியே” என்றார் அக்கா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இன்னொருக்காப் போடு” என்றார்.

அனுப்புவதா வேண்டாமா என்று வியாழன் முழுதும் யோசித்தேன். றூமில் அந்த ஆளுக்குப் பக்கத்தில் இருந்து இதை எப்படிக் காட்டுவார்? முகமில்லாத வீடியோவை அனுப்புவதைவிட, தொலைந்துவிட்டது என்று சொல்வது நல்லதோ? கடைசியில் அனுப்பினேன். கூடவே நடந்தது முழுவதையும், நெற் பொய்யையும் சேர்த்து எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். ஒன்றை அழித்துவிட்டு அனுப்பினேன்.

வெள்ளி மத்தியானம் அழைத்தார். கண் சிவந்திருந்தது.

“ஏன் நெற் சரியில்ல எண்டு சொன்ன நீ? பாஸ்வேர்ட் மறந்ததுக்கு நான் அடிக்கவா போறன்?”

“முகம் இல்லையே…”

“என்ட முகத்த எனக்குத் தெரியும். அண்டைக்கு நானும் அவளத்தான் பாத்தன். நான் பாத்த மாதிரியே எடுத்திருக்காய்.”

“அந்த ஆளுக்குக் காட்டினீங்களா?”

“காட்டினன். கை ஆர்ட எண்டு கேட்டார்.” தன் இடது கையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். திரை முழுக்க அவர் உள்ளங்கை. “இந்தா, இதத்தான் காட்டினன்.”

மகள் அதைப் பார்த்துவிட்டு என் மடியில் ஏறி, தன் கையை விரித்து, கமராவும் மறையத் திரையில் வைத்தாள். அவருக்கு இனி ஒன்றும் தெரியாது என்று நான் அவள் கையை எடுக்கப் போனேன்.

“எடுக்காத, வெக்கட்டும்” என்றார்.