விரதத்துக்காக நிறுத்திய வைத்தியம்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக எனக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து முடித்ததும், உள்ளே சதை ஒட்டி வழி மூடிவிடாமல் இருக்க, சிறிதும் பெரிதுமாக மூன்று பிளாஸ்டிக் குச்சிகளை நர்ஸம்மா கொடுத்தார். ஜெல் தடவி, சின்னதில் தொடங்கி, தினமும் சற்று நேரம் உள்ளே வைத்திருக்க வேண்டும். எழுதவே கூசுகிறது. என்னைப் போல் யாராவது மறைத்து வைத்துக்கொண்டு தவிப்பார்களே என்றுதான் எழுதுகிறேன்.

கார்த்திகையில் என் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டார். சாமி இருக்கிற வீட்டில் இந்த வேலை ஆகாது என்று நானே நிறுத்திவிட்டேன். அவர் மலைக்குப் போய் வந்த பிறகு எடுத்தால், சின்னதே கஷ்டப்பட்டுத்தான் போனது. விட்டதைப் பிடிக்கிற அவசரத்தில் அடுத்ததை அழுத்தினேன். ரத்தம் கொட்டியது. நோய் திரும்பிவிட்டது என்று அம்மனைக் கூப்பிட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற காஞ்சிபுரம் பஸ்ஸில்தான் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன்.

"பைத்தியக்காரி, சொல்லியிருந்தா நான் கோயில்லயே படுத்துக்கினு இருந்திருப்பேனே" என்றார்.

நர்ஸம்மா திட்டித் தீர்த்தார். "மாலை போட்டா மாத்திரைய நிறுத்துவியாம்மா? வழி மூடிக்கினா, நோய் திரும்பி வந்துகீதான்னு டாக்டரு எப்படிப் பாப்பாரு?"

பரிசோதித்ததில், நல்லவேளை, நோய் இல்லை, கிழிசல்தான். ஆனால் ஒட்டிப்போனது ஒட்டிப்போனதுதான். பெரிய குச்சியை நர்ஸம்மாவே திரும்ப எடுத்துக்கொண்டார். "இது இனிமே உன் உடம்புக்கு ஆவாது. நடு சைஸோட நிறுத்திக்கோ."

இந்த வருடமும் அவர் மாலை போட்டிருக்கிறார். நான் ஒரு நாளும் விடவில்லை. வெள்ளிக்கிழமையும் கதவைச் சாத்திக்கொண்டு, சின்னதில் தொடங்கி, வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். பிறகு குளித்து விளக்கேற்றுகிறேன்.