பாவு காயும்வரை

வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலையை விட்டுவிட்டுப் பாலாற்றங்கரையோடு செவிலிமேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. தண்ணீர் கேட்கத்தான் அந்தப் பங்களாவில் நுழைந்தேன்.

ஆலை அதிபர் ஒருவர் ஆற்றைப் பார்த்துக் கட்டிய வீடு அது. பேரன்கள் விற்றுவிட்டார்கள். இடிக்க மேஸ்திரி ஏணியோடு வந்திருந்தார். ஆனால் ஓடு வேய்ந்த நீள வராந்தாவில், தூணுக்குத் தூண், தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு கட்டியிருந்தது. ஆயிரக்கணக்கான இழைகள், கஞ்சி பூசிய ஈரத்தோடு. பக்கத்தில் ஒரு நெசவாளியும் அவர் மனைவியும் நின்றார்கள். அவர்கள் தெருவைச் சாக்கடைக்குத் தோண்டிப்போட்டதால் பாவை இங்கே கொண்டுவந்திருந்தார்கள்.

"இன்னாமா, காலையிலயே காஞ்சிடும்னியே?" என்றார் மேஸ்திரி.

"எப்பவும் ஆறு வறண்டு கெடக்கும், மணல் காத்துல ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும்ணே. இப்ப ஆத்துல தண்ணி ஓடுது, காத்து ஈரமா இருக்குது. அத யோசிக்காம கஞ்சி போட்டுட்டோம். இப்ப சுருட்டினா இழையெல்லாம் ஒட்டிக்கும். போன பாவு ஏற்கெனவே கெட்டுப்போச்சு, இதுவும் கெட்டா பட்டுக் கடைக்காரரு இனிமே எங்களுக்குப் பாவே குடுக்கமாட்டாரு."

"பங்களா கட்டினவரே இப்டி ஆத்துக் காத்து வாங்கியிருக்கமாட்டாரு. ஓடு பிரிக்கத்தான் போறேன்."

கணவர் நிமிரவில்லை. இழைகளைத் தூரிகையால் நீவிக்கொண்டே இருந்தார்.

மேஸ்திரியின் ஆட்களில் கூரை ஏறத் தெரிந்தவன் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். அவர் என்னைப் பார்த்தார். "மேல ஏறுவியாபா? மொதல்ல சாப்பாடு வாங்கித் தரேன்."

ஏறினால் முதல் ஓட்டிலேயே பல வருடத் தூசி பாவின்மேல் கொட்டும். அந்தப் பெண் என் வாயையே பார்த்தாள்.

"நாளைக்கி ஏறுறேன். இன்னிக்கி முடியாது."

"நீ இன்னா, இவங்க சொந்தக்காரனா?"

"இல்லபா. தண்ணி கேக்க வந்தேன்."

மேஸ்திரி வேறு ஆளுக்கு போன் போட்டார். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் எடுத்து, மாகறலில் வேலையில் இருப்பதாகச் சொன்னார். நான் ஏணியருகே நின்றேன். மூன்றாவது எண்ணைத் தேடியவர், கிடைக்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"விடிஞ்சதும் நீ இங்க இருக்கணும். ஓடிப்போனா இவங்களத்தான் கேப்பேன்."

எத்தனையோ வேலையிலிருந்து சொல்லாமல் கிளம்பிப் போனவன் நான். அன்று போக முடியவில்லை. பொழுது சாயும்போது கணவர் இழைகளை விரலால் பிரித்துப் பார்த்தார். ஒட்டவில்லை. இருவரும் பாவைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். அந்தப் பெண் சாப்பிடக் கூப்பிட்டாள். நானும் அதே ஆட்டோவில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வராந்தாவுக்கே திரும்பிப் படுத்தேன்.

விடிந்ததும் ஏணியில் ஏறி ஓடு பிரிக்கத் தொடங்கினேன்.